பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது

அத்தியாயம் 11

பால்சாமியை எரித்துவிட்டு வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அழவில்லை. அழுதவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். அவர்கள் அழுது முடித்து, காப்பி குடித்து, சிலமலை விலக்கில் பஸ்சு ஏறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பொண்டாட்டியும் மகனும் மகளும். மூன்று பேரும் மரத்துப்போய் இருந்தார்கள்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. மலையடிவாரத்து மக்காச்சோளக் காட்டில் காவலுக்குப் படுத்திருந்த பால்சாமியை யானை மிதித்துவிட்டது. யானை வந்தால் முன்கூட்டியே சொல்வதற்கென்று அவர் மகள் தமிழினி ஒரு கருவி செய்து வைத்திருந்தாள். அன்றைக்கு அது சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது. வீட்டுக்குள்தான் யாரும் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கருவி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பால்சாமி காட்டிலும் அக்கம்பக்கத்துக் காடுகளிலும் ஓரமாகச் சில இரும்புப் போஸ்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் அடியில், மண்ணுக்குள், அதிர்வை உணரும் ஒரு டப்பா. யானை நடந்தால் தரை ஒருவிதமாக அதிரும். மாடு நடந்தால், ஆள் நடந்தால், டிராக்டர் போனால் வேறு வேறு விதம். இதைப் பிரித்துப் பார்க்க அதைப் பழக்குவதற்குள் தமிழினிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. யானைதான் என்று தெரிந்துவிட்டால் போஸ்ட் ரேடியோவில் செய்தி அனுப்பும். வீட்டு மொட்டைமாடி ஆண்டனா அதை வாங்கிக் கீழே சன்னலோரத்துப் பெட்டிக்குக் கொடுக்கும். பெட்டி கத்தும். கத்துவதோடு பால்சாமியின் போனுக்கும் அடிக்கும்.

காட்டிலேயே கத்த வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தார்கள். சோதனைக்குப் போட்ட சத்தத்திலேயே பக்கத்துக் காட்டு மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. மிரண்ட யானை யார் காட்டுக்குள் ஓடும் என்று சண்டை வந்தது. அதனால் காட்டில் சத்தம் கிடையாது, வீட்டில்தான் சத்தம்.

இப்போது பெட்டி சும்மா இருந்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

அதற்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து பால்சாமியின் பொண்டாட்டி கருத்தம்மா உட்கார்ந்திருந்தாள். போலீஸ் வந்தபோதும், பாரஸ்ட்காரர்கள் வந்தபோதும் அவள் சொன்னது ஒன்றுதான். "பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கத்தல."

அதற்குமேல் பேசவில்லை. சோறு வைத்தால் தின்றாள். எழுப்பினால் எழுந்தாள். தானாகச் செய்தது ஒரே ஒரு வேலை, புருஷனின் பட்டன் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டாள். எதற்கம்மா என்று கேட்டதற்கு, "யாராச்சும் கூப்பிடுவாக. செத்துட்டாருன்னு சொல்லணும்ல" என்றாள்.

காலையில் பால்ராஜ் வந்தார். பால்சாமிக்குச் சித்தப்பா மகன், அடுத்த காட்டுக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மதினி" என்று ஒரு வார்த்தை சொன்னார். கருத்தம்மா தலையை அசைத்தாள். அவர் முத்துப்பாண்டியிடம் திரும்பினார்.

"பாண்டி, ஊர்ல ஒரு பேச்சு ஓடுது."

முத்துப்பாண்டி மூத்தவன். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு அவனுடையது. அப்பா இறந்ததிலிருந்து ஜீப்பை எடுக்கவில்லை.

"சொல்லுங்க சித்தப்பா."

"அந்தப் போஸ்ட்ட நம்பித்தான் அண்ணன் கண்ணசந்துட்டாரு. முன்ன மாதிரி தீயப் போட்டு, தகரத்தத் தட்டிக்கிட்டு முழிச்சிருந்தா தப்பிச்சிருப்பாருன்னு பேசுறாக. அதான் எல்லார் காட்டுலயும் எடுத்துரலாம்னு இருக்கோம்."

தமிழினி சன்னல் பக்கத்தில் நின்றிருந்தாள். "ஆனை இன்னும் மலையேறல சித்தப்பா. தேவாரம் பக்கம் வாழையில பூந்திருக்கு. இப்பப் போயி எடுத்தா எப்படி?"

"அதுக்குத்தான் ஆத்தா சொல்றேன். சொல்லாத போஸ்ட்டு இருந்து என்ன, இல்லாட்டி என்ன? இல்லைன்னா முழிச்சாச்சும் இருப்போம்."

அதில் நியாயம் இருந்தது. குத்திக்காட்டிப் பேசியிருந்தால்கூட அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அவர் அப்படிப் பேசவில்லை.

"எடுத்துருங்க சித்தப்பா" என்றான் முத்துப்பாண்டி. "எங்க காட்டுலயும் சேத்து."

"அண்ணே, நான் ஒருவாட்டி பாத்துக்கிறேன். பெறகு எடுக்கட்டும்."

"என்னத்தப் பாக்கப் போற?"

"தெரியல."

பால்ராஜ் எழுந்தார். "வெரசா பாத்துரு. மத்தியானத்துக்கு மேல கடப்பாரையோட போறேன். மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

அண்ணனும் தங்கையும் ஜீப்பில் போனார்கள். வண்டிக்குள் எப்போதும் போல ஏலக்காய் வாசம் அடித்தது. அந்த வாசம் இரண்டு பேருக்குமே அப்பா செத்த ராத்திரியை ஞாபகப்படுத்தியது.

அன்றைக்கு இருவரும் மலைமேல் இருந்தார்கள். அவன் காய் பறிக்கும் பெண்களை ஏற்றிப் போயிருந்தான். அவள் ஒரு ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்தும் அறையில் சூடு ஏறினால் தெரிவிக்கும் மீட்டர் மாட்டப் போயிருந்தாள். சாயங்காலம் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. போடிமெட்டுக்குக் கீழே ரோட்டில் மரம் விழுந்து வண்டி எதுவும் இறங்கவில்லை. ஸ்டோர்க்காரர் அங்கேயே படுக்கச் சொன்னார். வெளியே குளிர், உள்ளே உலர்த்தும் அறையின் இதமான சூடு. தமிழினி நன்றாகத் தூங்கினாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. இன்றைக்கு அதுவும் வரவில்லை.

காட்டில் சோளத்தட்டை அகலமாகச் சாய்ந்து கிடந்தது. மோட்டார் ரூம் வாசலுக்கு எதிரே கட்டில் கிடந்த இடம் தெரிந்தது. கட்டிலை எடுத்துவிட்டார்கள். அதன் கால்கள் அழுந்திய குழி மட்டும் ஈர மண்ணில் இருந்தது. அங்கிருந்து மோட்டார் ரூம் கதவு எட்டிப் பிடிக்கும் தூரம். காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு. உள்ளே போயிருந்தால் யானை சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போயிருக்கும்.

முத்துப்பாண்டி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். தமிழினி ஓடையோரத்துப் போஸ்ட்டுக்குப் போய் மூடியைத் திருகித் திறந்தாள். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?" என்று வந்தான்.

உள்ளே கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"ஆனை வந்தா இது எரியும். ஆளு வந்து பட்டனை அமுக்குற வரைக்கும் அணையாது."

"அப்ப அன்னைக்கு..."

"வந்தது இதுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லியும் இருக்கு."

"யாருகிட்டச் சொல்லுச்சு?"

"வீட்டுக்கு."

தன் கருவி பிசகவில்லை என்று தெரிந்தால் எந்த மனுஷிக்கும் கொஞ்சம் தெம்பு வரும். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பட்டனை அமுக்கினாள். சிவப்பு அணைந்தது.

"அப்ப வீட்டுல இருக்கிற பொட்டிதான் கெட்டுப்போச்சு" என்றான் முத்துப்பாண்டி. குரலில் கோபம்கூட இல்லை. "எது கெட்டா என்ன. ரெண்டும் நீ செஞ்சதுதானே."

"பொட்டியையும் பாத்துட்டுச் சொல்றேன். அது வரைக்கும் இத விட்டுருண்ணே."

"நான் புடுங்கல. சித்தப்பா வந்து புடுங்கிக்கிருவாரு."

திரும்பி வரும்போது மேற்கே மலை உச்சி தெரியவில்லை. மேகம் இறங்கி மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. கரண்டு போனாலும் ஓடுவதற்கான பேட்டரி நிறையச் சார்ஜோடு இருந்தது. அதனால்தான் பச்சை விளக்கு எப்போதும் எரிந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதன் காதில் ஏதாவது விழுகிறதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது.

பிறகு ஆண்டனா வயரைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்த மாத்திரத்தில் சுழன்றது. கையால் லேசாகத் திருகி வைத்த இறுக்கம்தான் இருந்தது. அவள் ஸ்பானர் போட்டு முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தாள். டேப்பைக் காணோம்.

தேடவேண்டியிருக்கவில்லை. சன்னல் கம்பியில் அழகாக ஒட்டியிருந்தது. நுனியை மட்டும் உள்பக்கமாக மடித்து, அடுத்த தடவை நகத்துக்குச் சிக்குகிற மாதிரி.

அந்த வீட்டில் டேப் நுனியை மடித்து ஒட்டுகிற ஆள் ஒருத்திதான். சீனிப் பொட்டலத்தையும், மாத்திரை அட்டையையும், எதை ஒட்டினாலும் அப்படித்தான் ஒட்டுவாள்.

முதல் பெட்டி சித்திரைக் கோடை மழையில் கருகியது. ஆண்டனாவில் இறங்கிய மின்னல் மொத்தத்தையும் பொசுக்கிவிட்டது. தமிழினி இரண்டு நாள் சோறு திங்காமல் கிடந்தாள். கருத்தம்மாதான் பிசைந்து ஊட்டினாள். பிறகு ஆடியில் புதுப் பெட்டி வைத்தபோது, ஆண்டனா வயருக்கு நடுவில் இடிதாங்கி மாதிரி ஒரு சின்னச் செம்பு உருளையைச் சேர்த்தாள். அதிலிருந்து தடித்த கம்பி கொல்லைக்கு இறங்கி, உப்பும் கரியும் போட்ட குழிக்குள் போனது. மின்னல் வந்தால் அது பெட்டியைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். வயரைக் கழற்றவே வேண்டாம்.

இதை அவள் அப்பாவிடம் விளக்கினாள். அண்ணனிடம் விளக்கினாள். பார்க்க வந்த பெரிய மனிதர்களிடம் படம் போட்டு விளக்கினாள். அப்போதெல்லாம் கருத்தம்மா அடுப்படியில் அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் விளக்கவில்லை. அது விளக்கவேண்டிய விஷயம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இடி இடித்தால் அந்தப் பக்கத்து வீடுகளில் பொம்பளைகள் முதலில் செய்வது ஒன்றுதான். டிவி பிளக், பிரிட்ஜ் பிளக், டிஷ் வயர் எல்லாவற்றையும் கழற்றிப் போடுவார்கள். விடிந்து வானம் தெளிந்ததும் திரும்ப மாட்டுவார்கள். கருத்தம்மா அன்றைக்கு அதைத்தான் செய்திருக்கிறாள். விடிந்ததும் மாட்டியும் இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் காட்டிலிருந்து ஆள் வந்தது.

தமிழினி தலையைத் திருப்பிப் பார்த்தாள். அம்மா சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரியாது. தான் கழற்றிய வயருக்கும் புருஷன் செத்ததற்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் தாடை தன்னுடையது இல்லாத மாதிரி இருக்குமே, தமிழினிக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. சொன்னால் போஸ்ட்டுகள் பிழைக்கும். அம்மா பிழைக்கமாட்டாள்.

முத்துப்பாண்டி உள்ளே வந்தான். "கண்டுபிடிச்சியா?"

"ம்."

"என்ன?"

"என் தப்புதாண்ணே. ஆண்டனா வயரச் சரியா முறுக்கல. லூசா இருந்திருக்கு."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வயரு" என்றான்.

"ஆமா."

"ஒரு வயர முறுக்கத் தெரியல ஒனக்கு." போனை எடுத்தான். "கருமாதி முடியட்டும். பெறகு நீ போடியிலயே ரூம் பாத்துப் போயிரு. இங்க வேணாம். என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"சரிண்ணே."

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. அன்றைக்கு முழுக்கப் பேசாதவள் பேசினாள். "அவளத் திட்டாதப்பு. அவ என்ன வேணும்னா செஞ்சா?"

தமிழினி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முத்துப்பாண்டி போனில் பேசினான். "சித்தப்பா, எடுத்துருங்க. ஆமா, பொட்டிதான் கோளாறு. எங்க இருக்கீக? ஓடையிலயா? சரி, மொதல்ல அதையே புடுங்குங்க. மழைக்கு முன்ன வந்துருங்க."

போனை வைத்தான். வெளியே வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. மலைப்பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. கொஞ்சம் கழித்து இடி உருண்டு வந்து சேர்ந்தது.

கருத்தம்மா எழுந்தாள்.

யாரும் எழுப்பவில்லை. முழங்காலில் கையை ஊன்றித் தானாக எழுந்தாள். டிவி பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டினாள். டிஷ் வயரைத் திருகிக் கழற்றித் தரையில் போட்டாள். பிரிட்ஜை அணைத்தாள். அலமாரியில் சார்ஜில் கிடந்த புருஷனின் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சன்னலுக்கு வந்து, மகளின் தோளைத் தொட்டு ஒதுக்கி, பெட்டியின் ஆண்டனா வயரைப் பிடித்துத் திருகினாள். வயர் கையோடு வந்தது.

தமிழினி கையை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"என்னம்மா செய்ற?" என்றான் முத்துப்பாண்டி.

"இடி இடிக்குதுல்ல. போன தடவ கருகிப்போயி இவ சோறு திங்காமக் கெடந்தாளே, மறந்துட்டியா?"

"எப்பவும் கழட்டுவியா?"

"இடி இடிச்சாக் கழட்டாம? டிவிக்காரனே கழட்டத்தான சொல்றான்."

முத்துப்பாண்டி அம்மாவின் கையிலிருந்த வயரைப் பார்த்தான். சன்னல் கம்பியில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தான். கடைசியாகத் தங்கையைப் பார்த்தான். அவன் மக்கு இல்லை.

தமிழினி அம்மாவின் கையிலிருந்து வயரை மெதுவாக வாங்கினாள். "இனிமே கழட்ட வேணாம்மா. இடிக்குத் தாங்குற மாதிரிதான் செஞ்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே பெட்டியில் மாட்டினாள்.

மாட்டிய கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்தியது.

பெட்டியின் முகப்பில் ஓடைப் போஸ்ட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. முத்துப்பாண்டி போனை எடுத்துப் பால்ராஜுக்குப் போட்டான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

"சித்தப்பா கடப்பாரை போடுறதா இருக்குமோ?"

"தெரியலண்ணே. மாடு தெரியும், டிராக்டரு தெரியும். கடப்பாரைக்கு நான் பழக்கல."

"எடுக்க மாட்டேங்குறாரு." சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். படியில் நின்று ஒரு தடவை திரும்பினான். "நீ எதுக்குடி உன் தப்புன்னு..." என்று ஆரம்பித்து, அம்மா நிற்பதைப் பார்த்து நிறுத்தினான். ஜீப்பு கிளம்பிப் போனது.

அப்போதுதான் கருத்தம்மாவின் இடுப்பில் போன் அடித்தது.

பெட்டி தன் வேலையைச் செய்தது. ஓடையில் அதிர்வு வந்தால் பால்சாமியைக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டது. கருத்தம்மா போனை எடுத்துப் பச்சை பட்டனை அமுக்கிக் காதில் வைத்தாள். செத்துப்போனார் என்று சொல்லத்தான் எடுத்தாள்.

பழைய போன், சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஆடியில் பதிந்து வைத்த தமிழினியின் குரல். கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது அதில்.

"அப்பா, ஓடைப் பக்கம் ஆனை வந்திருக்கு. எந்திரிச்சு மோட்டார் ரூமுக்குள்ள போயிருங்க. வெரசா போங்கப்பா."

கருத்தம்மா முழுக்கக் கேட்டாள். அது மறுபடி முதலிலிருந்து சொன்னது. அதையும் கேட்டாள்.

"அன்னைக்கும் இடி இடிச்சுச்சு" என்றாள். "அன்னைக்கும் நான்தான் இதக் கழட்டிப்போட்டேன்."

கருத்தம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"இதச் சொல்றதுக்குத்தான் இந்த வயரா ஆத்தா? அவருக்கு இப்படிச் சொல்லியிருக்குமா?"

அண்ணனிடம் சொன்ன பொய் தயாராகத்தான் இருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்த பிறகு அதை எடுக்க முடியவில்லை.

"ஆமாம்மா" என்றாள்.

கருத்தம்மா அழவில்லை. சுவரோரம் போய் உட்காரவும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மற்றொரு கையால் சன்னல் கம்பியிலிருந்த டேப்பை உரித்து மகளிடம் நீட்டினாள்.

"வயர நல்லா இறுக்கி முறுக்கு" என்றாள். "ஒங்க சித்தப்பன் அங்கிட்டுத்தான் நிக்கிறான்."